ஜமாரிஸ் கேட்ட பிள்ளை

மதக் கோர்ட்டுக்கு எதிரே கடை வைத்திருப்பவளுக்கு வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலை கிடையாது. எங்கள் ஊர் பாயகும்புவில் மழை இல்லாத மாதம் வரலாம், விவாகரத்து இல்லாத வாரம் வராது. உள்ளே போகிறவர்கள் பயத்தில் ஒரு தேநீர் குடிப்பார்கள். வெளியே வருகிறவர்கள் ஆத்திரத்தில் இன்னொன்று குடிப்பார்கள். நானும் அந்தக் கட்டடத்துக்குள் இரண்டு முறை போய் இரண்டு புருஷன்மாரைக் கழற்றிவிட்டு வந்தவள்தான். அதனால் அங்கிருந்து அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்குப் பெரிதாக இரக்கம் வராது. என் பெயர் நுர்பைத்தி. பைத்தி அக்கா என்றால்தான் இங்கே தெரியும்.

அப்படிப்பட்ட என்னையே ஒரு ஆள் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டான். மாட்டு வியாபாரி ஜமாரிஸ்.

எங்கள் மாட்டுச் சந்தையில் விலை பேசுவது காதுக்குக் கேட்காது. விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைக் குலுக்குவதுபோலப் பிடித்து, மேலே ஒரு கைலியைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டே விலையை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற மாட்டுக்குக்கூடத் தான் எவ்வளவுக்குப் போனோம் என்று தெரியாது. ஜமாரிஸ் இருபது வயதிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறான். வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் விரலால் சொல்லியே பழகியவன். வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவன் வாயை மூட முடியாது. தங்கச்சி மகன் ரப்கியைப் பற்றிப் பேச்சை எடுத்துவிட்டால் போதும், அன்றைக்கு நான் கடையைச் சாத்த நேரமாகும்.

எங்கள் மினாங் ஜனங்களில் பிள்ளைகள் அம்மாவின் குலம். வீடு பெண்ணுடையது, வயல் பெண்ணுடையது. புருஷன் என்பவன் பொழுது சாய்ந்தபின் மோட்டார் சைக்கிளில் வந்து, சாப்பிட்டுப் படுத்து, விடிந்ததும் கிளம்பிப் போகிறவன். பகலில் அவன் அக்கா தங்கச்சி வீட்டு ஆள், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். பீஸ் கட்டுவது, பள்ளிக்கூடத்தில் போய்த் தலையைக் காட்டுவது, தப்பு செய்தால் காதைத் திருகுவது எல்லாம் மாமன் வேலை. அவனுடைய சொந்தப் பிள்ளைகளை அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள். இப்போது படித்தவர்கள் பலர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, ஒரு கார் என்று தனிவீடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜமாரிஸ் போகவில்லை. கலப்படம் இல்லாத பழைய சரக்கு அவன்.

அவன் தங்கச்சி யுஸ்னிதா ஒரு ஜாவாக்காரனைக் கட்டியிருந்தாள். பெயர் சுகியார்த்தோ. ரோடு போடும் கம்பெனியில் வேலை. பாதி நாள் காட்டிலும் மேட்டிலும் தார் காய்ச்சிக்கொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் ஒத்துவராமல் பிரிந்தபோது, அந்த மனுஷன் ஒன்பது வயது ரப்கியைத் தன் ஊருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று கோர்ட்டில் கேட்டான். ஜாவாவில் அப்பன் பிள்ளையைக் கேட்பது சாதாரணம் போலிருக்கிறது. இங்கே அது, விருந்துக்கு வந்தவன் போகும்போது வீட்டுக் கதவைக் கழற்றிக் கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஜமாரிஸ் அந்த வழக்கைத் தன் வழக்காகவே நடத்தினான். சட்டப்படி பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை அம்மாவிடம்தான் இருக்கும், பெரிய குறை எதுவும் இல்லாத தாய்க்கு யாரும் வாதாடவே வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி ரப்கியின் ஜாதகத்தையே ஒப்பித்துவிட்டான். எந்த வகுப்பு, எந்த வாத்தியார், கணக்கில் எங்கே தடுமாறுகிறான், எந்தப் பல் ஆடுகிறது, இறால் தின்றால் உடம்பெல்லாம் எப்படித் தடித்துப்போகும், கால் செருப்பு என்ன அளவு. நீதிபதி வித்யாஸ்துதி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். பிறகு சுகியார்த்தோவைப் பார்த்து அதே கேள்விகளைக் கேட்டார். தார் காய்ச்சுகிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

பிள்ளை தாயிடம் என்று தீர்ப்பு வந்த அன்று ஜமாரிஸ் என் கடையில் இருந்த எல்லோருக்கும் முட்டை அடித்து ஊற்றிய தேநீர் வாங்கிக் கொடுத்தான். மூலையில் சுகியார்த்தோவும் உட்கார்ந்திருந்தான், பஸ்ஸுக்காக. ஜமாரிஸ் அவன் பக்கம் திரும்பி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"புள்ள என்ன கிளாஸ் படிக்கிறான்னு தெரியாதவனெல்லாம் அப்பன்னு சொல்லிக்கிட்டு கோர்ட்டுக்கு வந்துடுறான்க்கா. வெக்கமா இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகியார்த்தோ தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சிரிப்பு அடங்கி ஒரு நோன்புப் பெருநாள்கூட வரவில்லை. ஜமாரிஸின் பெண்டாட்டி ரஸ்மியாதி கோர்ட்டுக்கு வந்தாள். உள்ளே போவதற்கு முன் என் கடையில் தேநீர் குடித்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

"என் புருஷன இத்தன வருஷமா அவரு தங்கச்சிக்கு இரவல் குடுத்து வச்சிருந்தேன்க்கா. இனிமே அவளே வச்சுக்கட்டும்னு எழுதிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

விவாகரத்தை ஜமாரிஸ் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆண்களுக்கு அது சுலபம். பெண்டாட்டி வீட்டிலிருந்து இரண்டு சட்டை, ஒரு கைலி, சவரக் கத்தி, இவ்வளவையும் ஒரு பையில் போட்டால் கல்யாணம் முடிந்துவிடும். தங்கச்சி வீட்டில் கல்யாண வயசு தாண்டிய ஆணுக்கு அறை கிடையாது. அதனால் ஊர்த் தொழுகைக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். அவன் மகள் ரெஸ்திக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளைப் பற்றி அவனும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவளைப் பார்த்துக்கொள்ள ரஸ்மியாதியின் அண்ணன் மவார்தி இருந்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தர். ஜமாரிஸ் ரப்கிக்கு எப்படியோ, அப்படித்தான் மவார்தி ரெஸ்திக்கு.

விட்டுப்போன மழைக்கோட்டை எடுக்க ஒரு சாயங்காலம் ஜமாரிஸ் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். ரஸ்மியாதி இல்லை. ரெஸ்தி இருந்தாள். உட்காருங்கள் என்றாள். அலமாரியைத் திறந்து தட்டோடு கூடிய பூப்போட்ட கோப்பையை எடுத்துத் துடைத்து அதில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். விருந்தாளிகளுக்கென்று மூடி வைத்திருக்கும் பிஸ்கட் டின்னையும் திறந்து வைத்தாள். ஓரமாக நின்றுகொண்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள். பிறகு, பரீட்சை முடிந்ததும் தானும் அம்மாவும் கடல் தாண்டி பாத்தாம் தீவுக்குப் போகிறோம், அம்மாவுக்குச் சித்தி மகளின் சாப்பாட்டுக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

இதை என்னிடம் சொல்லும்போது ஜமாரிஸ் அந்தக் கோப்பையில் என்ன பூ இருந்தது என்பதையும் சொன்னான்.  மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போய்விட்டான். விவாகரத்து கொடுக்கிறேன், பிள்ளை எனக்கு வேண்டும் என்றானாம்.

மினாங் ஆண் ஒருவன் தன் பிள்ளையைக் கேட்டு கோர்ட்டுக்குப் போகிறான் என்ற செய்தி மாட்டுச் சந்தை வதந்தியைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. என் கடையில் அன்று முழுக்க வேறு பேச்சே இல்லை. மாட்டை விற்றவன் கன்றைத் திருப்பிக் கேட்கிறான் என்றான் ஒருவன். அவன் தங்கச்சி யுஸ்னிதா நேராகக் கடைக்கே வந்து, என் முன்னாலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவ சனியாகோ குலம்ண்ணே. நாம பிலியாங். அந்தப் பொண்ணக் கொண்டாந்து நம்ம வீட்ல எந்த ரூம்ல வைக்கப்போற? நாலு பேரு என்ன கேப்பாங்க?"

"எம் பொண்ணுதானே" என்றான் அவன், ஏதோ தப்பான விலை சொல்லிவிட்டவன் மாதிரி.

"உம் பொண்ணுதான். யாரு இல்லேன்னா? ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு இல்லையே."

இதில் அவள் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. பிள்ளை தாய் குலத்துக்குத்தான் என்று அவனும் போன வழக்கில் சுகியார்த்தோவுக்கு எதிராக நின்றவன்தான். அவனுக்கு அது ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. எனக்கு வந்தது. நான் சும்மா இருப்பேனா, சொல்லிக் காட்டினேன்.

வழக்கு நடக்கும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். ஆனால் உள்ளே நடந்ததை எதிர்க் கட்சிகள் இரண்டும் என் கடையில் வந்து சொல்லும். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வேன். மூன்று நீதிபதிகளில் அதே வித்யாஸ்துதி அம்மாதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜமாரிஸைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ரொம்ப மரியாதையாக, உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாராம்.

எந்த வகுப்பு என்று கேட்டார். ஏழு என்றான். எட்டு. வகுப்பு வாத்தியார் பெயர் கேட்டார். தொண்டையைக் கனைத்தான். நெருங்கின தோழி யார்? பக்கத்து வீட்டுப் பெண் என்றான். பக்கத்து வீட்டில் பெண்ணே கிடையாது, அது கோழிப் பண்ணை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா என்று கடைசியாகக் கேட்டார். இதற்காவது பதில் தெரிந்த சந்தோஷத்தில், இறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்று பளிச்சென்று சொல்லிவிட்டான்.

ரஸ்மியாதி தலையில் கை வைத்துக்கொண்டாள். இறால் இல்லாத நாளில் ரெஸ்திக்குச் சோறே இறங்காது.

நீதிபதி சிரிக்கவில்லையாம். உங்களுக்கு இந்தப் பெண் ஏன் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். கைலிக்கடியில் விரலைப் பிடித்துப் பதில் சொல்லக்கூடிய இடமாக அது இல்லை. ஜமாரிஸ் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"எனக்குச் சொல்லத் தெரியலம்மா. அவ என்னை விருந்தாளி மாதிரி உக்கார வச்சுட்டா. எனக்கு அது ஆகல."

அதற்குப் பிறகு தாய் தரப்புக்கு மவார்தி சாட்சி சொன்னான். ரெஸ்தியின் ஜாதகம் முழுக்க அவன் வாயிலிருந்து வந்தது. வாத்தியார் பெயர், மார்க், தோழிகள், மழையில் நனைந்தால் காது வலிக்கும், பல்லிக்குப் பயம், வரைவதில் கெட்டி. ஜமாரிஸ் எதிராளி சாட்சியை மறுக்கவே இல்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான் என்று மவார்தியே சொன்னான். வக்கீல் இரண்டு தடவை முழங்கையால் இடித்தும் பிரயோஜனமில்லை.

இடைவேளையில் மவார்தி என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். பின்னாலேயே ஜமாரிஸ் வந்து அதே மேசையில் எதிரே உட்கார்ந்தான். அடிதடி ஆகப்போகிறது என்று நினைத்து நான் கண்ணாடி டம்ளர்களை ஓரமாக நகர்த்தினேன்.

"மச்சான், அந்தக் காது வலி. எந்தக் காது?" என்றான் ஜமாரிஸ்.

மவார்தி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிர்க் கட்சிக்காரன் அல்லவா? ஆனால் மருமகளைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற தாய்மாமன் இன்னும் பிறக்கவில்லை. இடது காது என்றான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அவள் குழந்தையாக இருந்தபோது முதலில் என்ன வார்த்தை சொன்னாள் என்பதிலிருந்து, போன மாதம் எந்தப் பெண்ணோடு சண்டை போட்டாள் என்பது வரை சொன்னான். ஜமாரிஸ் நடு நடுவே கேட்டான். திருப்பிச் சொல்லிப் பார்த்தான். தப்பாகச் சொன்னால் மவார்தி திருத்தினான். வாழைக்காய் பொரியல் ஆறிப்போனது. எனக்கே பொறுக்கவில்லை, நடுவில் புகுந்தேன்.

"மவார்தி தம்பி, இவ்வளவு சொல்றியே. உன் பையன் எத்தனாவது படிக்கிறான்?"

மவார்தி டம்ளரைக் கையில் எடுத்தான். "நாலு" என்றான். பிறகு, "அஞ்சா இருக்கும்" என்றான். அவன் பெண்டாட்டியின் தம்பி கவனித்துக்கொள்கிறானாம்.

கடையில் தோமினோ சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை, வரிசையாக எல்லோரையும் கேட்டேன். ஒருவனுக்கு மகளின் பள்ளிக்கூடம் எந்தத் தெரு என்று தெரியவில்லை. இன்னொருவனுக்கு மகனின் வயசில் இரண்டு வருஷம் இடித்தது. அத்தனை பேருக்கும் அக்கா தங்கச்சி பிள்ளைகளின் விவரம் நுனி நாக்கில் இருந்தது. ஆகமொத்தம் எங்கள் ஊரில் ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு ஆண் இருக்கிறான், என்ன, அவன் அடுத்த வீட்டில் இருக்கிறான். சிரிப்பு மெல்ல நின்றுபோய், ஒவ்வொருவராகத் தேநீருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டுக் கிளம்பினார்கள். எனக்கு அன்றைக்கு வியாபாரம் நஷ்டம்.

மவார்தி பாடம் நடத்தியதில் ஒரு உள்நோக்கம் இருந்தது என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது. தங்கச்சிக்காகச் சாட்சி சொல்வது அண்ணனின் கடமை, செய்தான். ஆனால் தங்கச்சி ஜெயித்தால் ரெஸ்தி கடல் தாண்டிப் போய்விடுவாள். ஜமாரிஸ் ஜெயித்தால் ஊரிலேயே இருப்பாள். கூண்டில் நின்று ஒரு பக்கமும், என் கடையில் உட்கார்ந்து இன்னொரு பக்கமும் வேலை பார்த்திருக்கிறான்.

அடுத்து வீடு. பிள்ளையைக் கேட்கிறவன் எங்கே வைத்துக்கொள்வான் என்று கோர்ட்டு வந்து பார்க்குமாம். மினாங் ஆணிடம் உன் வீடு எது என்று கேட்பது மீனிடம் செருப்பு கேட்பது மாதிரி. அம்மா வீடு இருக்கிறது, தங்கச்சி வீடு இருக்கிறது, பெண்டாட்டி வீடு இருந்தது. தன் வீடு என்று ஒன்று எதற்கு? ஜமாரிஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தான். தானே சுண்ணாம்பு அடித்தான். கட்டில் வாங்கினான். நீதிபதி வந்து பார்த்தபோது, கட்டில் மேல் இளவரசி படம் போட்ட, ஓரமெல்லாம் சுருக்கு வைத்த தலையணை இருந்ததாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்குகிற தலையணை. ஜமாரிஸ் கடைசியாக மகளை உற்றுப் பார்த்தபோது அவளுக்கு அந்த வயசுதான் இருந்திருக்க வேண்டும். நீதிபதி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவன் தோற்றுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. நானும்தான்.

பன்னிரண்டு தாண்டிய பிள்ளை தானே தேர்ந்தெடுக்கலாம். ரெஸ்தியை நீதிபதி தனி அறையில் வைத்துக் கேட்டார். நான் மவார்தி மாமாவிடம் இருக்கிறேன் என்றாளாம் அவள். சட்டத்தில் மாமனுக்கு இடமில்லை, அப்பா அல்லது அம்மா, இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும் என்று நீதிபதி விளக்கினார். ரெஸ்தி யோசித்திருக்கிறாள். அம்மா என்றால் பாத்தாம் தீவு. புதுப் பள்ளிக்கூடம், புதுத் தோழிகள், மாமா கிடையாது. அப்பா என்றால் டயர்க் கடை மேல். பள்ளிக்கூடம் பின்வாசல், மாமா வீடு என்கிற பாட்டி வீடு அடுத்த தெரு.

அப்பா என்றாள்.

தீர்ப்பு வாசிக்கும்போது கதவு திறந்திருக்கும். கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். பிள்ளை தகப்பனிடம் என்று வாசித்ததும் ரஸ்மியாதி அழுதாள். ஜமாரிஸுக்கு முகமெல்லாம் பல். அப்புறம் காரணங்களை வாசித்தார்கள். பள்ளிக்கூடம் மாறாமல் இருப்பதற்காகவும், தாய்மாமன் வீடு அருகில் இருப்பதற்காகவும், தகப்பன் வீட்டைப் பிள்ளை தேர்ந்தெடுத்திருக்கிறது. தாய் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், விடுமுறையில் கூட்டிப்போகலாம். ஜமாரிஸின் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

"ஜெயிச்சது நீ இல்லப்பா, உன் டயர்க் கடை விலாசம்" என்றேன் வெளியே வந்ததும்.

"விலாசம் என்னோடதுதானேக்கா" என்றான்.

அப்படித்தான் ரெஸ்தி அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்தாள் என்று சொல்வது பெரிய வார்த்தை. பள்ளிக்கூடம் விட்டதும் மாமா வீட்டுக்குப் போவாள். அங்கேயே சாப்பாடு, வீட்டுப் பாடம், அரட்டை. பொழுது சாய்ந்தபின் டயர்க் கடை மாடி ஏறுவாள். படுப்பாள். விடிந்ததும் குளித்துவிட்டு மாமா வீட்டுக்குப் போய்ப் பசியாறிவிட்டுப் பள்ளிக்கூடம். ஜமாரிஸ் சந்தையிலிருந்து இறால் வாங்கிவந்து, மிளகாய் அரைத்து, தேங்காய்ப் பால் விட்டுச் சமைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் சாப்பிட்டாச்சுப்பா என்பாள். மறுநாள் அந்த இறாலை என் கடைக்குக் கொண்டுவந்து தோமினோ ஆடுகிறவர்களுக்குக் கொடுப்பான். நன்றாகத்தான் இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

"புருஷனா இருந்தப்போ நீ அந்த வீட்டுக்கு எப்படி வந்து போனியோ, அப்படியே வந்து போறா உம் பொண்ணு. ரத்தம் பேசுதுப்பா" என்றேன் ஒருநாள்.

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு நாக்கு அப்படி. அவன் கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, ரஸ்மியாதி பாவம்க்கா, இத்தனை வருஷம் எப்படி உட்கார்ந்திருந்தாளோ என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மனுஷன் பெண்டாட்டியைப் பற்றி இரக்கமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விவாகரத்து ஆகி மாதக்கணக்கு ஆனபிறகு.

ஆனாலும் அவன் சமைப்பதை நிறுத்தவில்லை. மழைக்காலத்தில் அவளுக்குக் காது வலி வந்தபோது, இடது காதுதான் என்று டாக்டரிடம் அவனே முந்திக்கொண்டு சொன்னானாம். அந்த வாரம் மாமா வீட்டுக்கு அவள் போகவில்லை. அதன்பிறகு சில நாள் மாடியிலேயே சாப்பிட்டாள், சில நாள் இல்லை. இளவரசித் தலையணையை மாற்றித் தருகிறேன் என்று அவன் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றாளாம். இதையெல்லாம் அவன் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போவான். ரப்கியைப் பற்றிப் பேசுவது குறைந்தது. யுஸ்னிதா என்னைப் பார்த்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், ஏதோ நான் கெடுத்தது மாதிரி.

அரையாண்டு முடிந்து பள்ளிக்கூடத்தில் மார்க் அட்டை கொடுக்கும் நாள் வந்தது. பெரியவர்கள் யாராவது போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் மவார்திதான் போவான். இந்தத் தடவையும் சட்டை தேய்த்து வைத்துவிட்டானாம். ரெஸ்தி, வேண்டாம் மாமா என்று சொல்லிவிட்டாள். என் கடையில் வந்து அவன் அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

மதியம் பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளைகள் என் கடைக்கு ஐஸ் குடிக்க வந்தார்கள். ரெஸ்தியும் மூன்று தோழிகளும் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜமாரிஸ் உள்ளே என்னிடம் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். மார்க் அட்டையைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தான் போட்டிருந்தான், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப்போகிற மாதிரி. வெளியே பேசியது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"வாத்தியார்கிட்ட அவ்வளவு கேள்வி கேட்டாரே, உங்க மாமாவாடி?" என்றாள் ஒருத்தி.

"மாமா இல்ல. அப்பா."

"அப்பாவா? நெஜமாவா? எங்க அப்பாக்கு எங்க ஸ்கூல் எங்க இருக்குன்னே தெரியாது."

ரெஸ்தி ஐஸை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்.

"எங்க அப்பா அப்படி இல்லடி. எங்க அப்பா மாமா மாதிரி."

எங்கள் பக்கத்தில் ஒரு ஆணைப் பற்றி ஒரு பிள்ளை இதைவிடப் பெரிதாகச் சொல்ல வேறு வார்த்தை கிடையாது. கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து கொடுத்ததைவிட அதுதான் தீர்ப்பு. ஜமாரிஸ் என்னைப் பார்க்கவில்லை. மீதிச் சில்லறையை வாங்காமல் பின்பக்கமாகப் போய் என் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டு, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவ ஆரம்பித்தான். வெகுநேரம் கழுவினான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். தண்ணீர் வீணாகிறது என்று ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.